டிரெய்லர் படகை இறக்கும்போதும் ஏற்றும்போதும்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

படகை இறக்கி ஏற்றும் சாய்தளத்தில் கண்ணில் படும் கோளாறு பெரும்பாலும் அங்கே பிறந்ததாக இருக்காது. படகு டிரெய்லரை விட்டு நகராமல் அடம்பிடித்தால், பின்னால் அவிழ்க்க மறந்த பெல்ட் ஒன்று இருக்கும். கரையேறும்போது வண்டி வழுக்கினால், ஓதம் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) வற்றும் நேரத்தை யாரோ பார்க்கத் தவறியிருப்பார்கள். வீடு திரும்பும் வழியில் சக்கரம் புகைந்தால், அது போன தடவை உப்புத் தண்ணீரில் முங்கியதற்கான வட்டி. அதனால் கீழே ஒவ்வொரு கோளாற்றுக்கும் அந்த நேரத்தில் செய்ய வேண்டியதும், அது எங்கிருந்து வந்தது என்பதும் சேர்த்தே இருக்கின்றன.

இங்கே கணக்கில் எடுத்திருப்பது 14 முதல் 18 அடி வரையுள்ள ஃபைபர் படகு, 25 அல்லது 40 குதிரைத்திறன் அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் இன்ஜின்), ஒற்றை அச்சு டிரெய்லர், இழுக்க ஒரு பொலேரோ மாதிரி வண்டி. இழுக்கும் வண்டி நீங்கலாக எல்லாம் சேர்த்து 700 கிலோ பக்கம் வரும். குப்பங்களில் 28, 30 அடி ஃபைபரை டிராக்டர் கட்டியும் ஆள் சேர்ந்தும் மணலில் தள்ளி அலை கடத்துவது வேறு வித்தை. அதை டிரெய்லர் படகுக்காரர்கள் பார்த்துக் கற்கலாம், பார்த்தவுடன் செய்துபார்க்கக் கூடாது.

எங்கே இறக்கலாம் என்பதையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். சென்னையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் தொழில் நடக்கும் இடம். விடியற்காலை ஏல நேரத்தில் டிரெய்லரோடு உள்ளே போனால் உங்களுக்கும் நகர இடமில்லை, மீன் வண்டிக்கும் வழியில்லை. எண்ணூர் பக்கம் குப்பத்துச் சரிவுகளைப் பயன்படுத்துவதானால் முந்தின நாளே ஊர்க்காரர்களிடம் கேட்டுவிடுங்கள். வலை காயும் இடம் எது, முகத்துவாரத்தில் மணல் திட்டு இந்த மாதம் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் இருக்காது, அவர்களுக்குத்தான் தெரியும். துறைமுக எல்லைக்குள் அனுமதி இல்லாமல் இறக்காதீர்கள்.

ஓதக் கணக்கு

சென்னைக் கடலில் ஓதம் ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே சுமார் 1 மீட்டர் வித்தியாசம் இருக்கும். அஷ்டமியை ஒட்டி அது 40 செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். 1 மீட்டர்தானே என்று தோன்றும். சாய்தளம் 8 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சரிவு என்றால், அந்த 1 மீட்டர் வற்றம் தண்ணீர் விளிம்பை 8 மீட்டர் கீழே கொண்டுபோய்விடும். காலையில் சுத்தமான கான்கிரீட்டில் நின்ற வண்டி, மதியம் பாசி மேல் நிற்பது இதனால்தான். சாய்தளத்தின் கடைசி முனை வெளியே தெரிவதும், அதைத் தாண்டிய சேற்றில் டிரெய்லர் இறங்குவதும் இதனால்தான்.

கழிமுகத்துக்குள்ளே நேரம் இன்னும் தள்ளிப்போகும். முகத்துவாரம் மணலடித்துக் குறுகியிருந்தால் வெளியே ஓதம் திரும்பிய பிறகும் உள்ளே தண்ணீர் கொஞ்ச நேரம் ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே துறைமுக ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டு, இடத்தில் ஒரு குச்சி நட்டு அரை மணி நேரம் கவனியுங்கள். ஏறுகிற தண்ணீரில் இறக்குவதும், உச்சத்துக்கு ஒரு மணி நேரம் முன்பின்னாக ஏற்றுவதும் நல்லது. ஏறுகிற தண்ணீர் ஒரு தப்பை மன்னிக்கும். சிக்கிக்கொண்ட படகை அதுவே தூக்கிக் கொடுக்கும். வற்றுகிற தண்ணீர் அப்படிச் செய்யாது.

இன்காய்ஸ் (இந்தியக் கடல் தகவல் சேவை மையம்) கள்ளக்கடல் எச்சரிக்கை கொடுத்திருந்தால் அன்று இறக்கவே வேண்டாம். காற்றில்லாத வெயில் நாளிலும் அந்த அலை வரும். தூரத்துப் புயலில் பிறந்த அலை அது.

வண்டிச் சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை

ஆக்சிலேட்டரை மேலும் அமுக்காதீர்கள். சுற்றச் சுற்ற டயர் சூடாகிப் பாசியை அரைத்துக் கூழாக்கும், வண்டி பக்கவாட்டில் நழுவும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, டிரெய்லர் சக்கரங்களுக்குக் கீழ்ப்பக்கம் முட்டுக்கட்டை கொடுத்துவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

பச்சையாக மின்னினால் பாசி. கட்டைத் துடைப்பத்தாலும் மண்வெட்டி விளிம்பாலும் இரண்டு சக்கரத் தடத்தை மட்டும் சுரண்டினால் போதும், மேலே காய்ந்த மணலைத் தூவுங்கள். பிளீச்சிங் பவுடரோ ஆசிடோ கொட்டாதீர்கள். கழிமுகத்தில் இறாலும் மட்டியும் எடுத்துப் பிழைக்கிறவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கருப்பாக, வானவில் நிறத்தில் மின்னினால் எண்ணெய்ப் படலம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய எண்ணெயைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது கான்கிரீட்டில் ஏறிவிட்டால் பாசியைவிட மோசம். மரத்தூளோ மணலோ கொட்டி உறிஞ்ச வைத்து, அள்ளித் தனியாக ஒரு கோணியில் போடுங்கள்.

சக்கரத்துக்கு அடியில் ஈரக் கோணியோ தென்னை நார்ப் பாயோ திணிப்பது பழைய வழி, வேலை செய்யும். ஆனால் டயர் அதைப் பின்பக்கமாக வீசி எறியும், அந்தப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது.

முன்சக்கர இயக்கக் கார் என்றால் வேறு ஒரு சங்கடம் உண்டு. டிரெய்லரின் கனம் பின்னால் அமுக்க அமுக்க முன்சக்கரத்தின் பிடி குறையும். முன் சீட்டில் இரண்டு ஆளை உட்காரவைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். சாய்தளத்தில் நிற்கும் வண்டிக்குள் ஓட்டுநரைத் தவிர யாரும் இருக்கக் கூடாது என்பதால் அந்த யோசனை வேண்டாம்.

இதற்கெல்லாம் மசியாவிட்டால் வண்டியைக் காய்ந்த இடத்துக்கு ஏற்றிவிட்டு, டிரெய்லரைக் கயிற்றால் இழுப்பதுதான் ஒழுங்கான வழி. கொக்கியைக் கழற்றும் முன் முட்டுக்கட்டை இறுகியிருக்கிறதா, டிரெய்லரின் முன்சக்கரம் கீழே இறங்கிப் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 8-க்கு 1 சரிவில் 700 கிலோவை மேலே இழுக்கக் கணக்குப்படி 90 கிலோ விசையும், சேறு, உருளல் தடைக்காக இன்னும் கொஞ்சமும் போதும். ஆனால் வண்டி ஜெர்க் கொடுத்தால் அது பல மடங்காகும். 16 மி.மீ. தடிமனில் புதுக் கயிறு போடுங்கள். முடிச்சு கயிற்றின் பலத்தில் பாதி வரை தின்றுவிடும் என்பதால் இரண்டு முனையிலும் ஷேக்கிளும் (திருகாணி போட்ட இரும்பு வளையம்) கண்ணியும் இருக்கட்டும். கயிற்றின் நடுவில் நனைந்த கோணி ஒன்றைத் தொங்கவிடுங்கள், அறுந்தால் வேகம் குறையும். கயிற்றின் நேர்க்கோட்டில் எவரும் நிற்கக் கூடாது, தாண்டியும் போகக் கூடாது.

வண்டி தானாகத் தண்ணீர்ப் பக்கம் நழுவுகிறது

உயிரைத் தொடும் கோளாறுகளில் முதலில் நிற்பது இது. நழுவும் வண்டியைக் கையால் பிடிக்கவோ, பின்னால் கல் போட ஓடவோ கூடாது. ஓட்டுநர் கால் பிரேக்கை அமுக்கி, ஸ்டீயரிங்கைக் கரைப்பக்கச் சுவரை நோக்கித் திருப்பலாம். நிற்காவிட்டால் இறங்கிவிட வேண்டும்.

அதற்காகத்தான் சாய்தளத்தில் இறங்கும் முன்பே சீட் பெல்ட்டைக் கழற்றி, ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை முழுவதும் இறக்கிவிடச் சொல்கிறோம். ரோட்டில் தப்பு, இங்கே சரி. வண்டியை நிறுத்தியதும் வரிசை இது: கால் பிரேக், நியூட்ரல், ஹேண்ட் பிரேக், கால் பிரேக்கை மெல்ல விட்டு ஹேண்ட் பிரேக் தாங்குகிறதா என்று பார்த்தல், மறுபடி கால் பிரேக், முதல் கியர், இன்ஜின் ஆஃப். ஆட்டோமேட்டிக்கில் நேராகப் பார்க்கிங்கில் போட்டால் மொத்தக் கனமும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சிறு ஆப்பின் மேல் விழும். ஹேண்ட் பிரேக் தாங்கிய பிறகுதான் பார்க்கிங். ஓட்டுநர் இறங்கும் முன் இன்னொருவர் வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். முட்டுக்கட்டைக்கு ஒரு முழக் கயிறு கட்டி வண்டியில் மாட்டிவைத்தால், கிளம்பும்போது அதுவே பின்னால் இழுபட்டு வரும். குனிந்து எடுக்கவும் வேண்டாம், சாய்தளத்திலேயே விட்டுப்போய் அடுத்தவர் டயரில் மாட்டவும் வேண்டாம்.

ரிவர்ஸில் டிரெய்லர் நினைத்த பக்கம் போகவில்லை

ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியில் ஒரு கையை வையுங்கள். டிரெய்லரின் கடையால் (பின்முனை) எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். இவ்வளவுதான். குட்டை டிரெய்லர் சீக்கிரம் மடியும், நீண்டது நிதானமாகத் திரும்பும். அதனால் 14 அடிப் படகுக்காரருக்குத்தான் இதில் அதிகச் சிரமம். மடிய ஆரம்பித்துவிட்டால் திருத்தப் பார்க்காதீர்கள், முன்னால் ஐந்தாறு மீட்டர் போய் நேராக்கிவிட்டு மறுபடி வாருங்கள். வெறும் டிரெய்லர் கண்ணாடியிலேயே தெரியாது. இரண்டு பின் மூலையிலும் மூன்றடி பிவிசி பைப்பை நிமிர்த்திக் கட்டி நுனியில் சிவப்புத் துணி சுற்றுங்கள். படகை ஏற்றும்போது அதுவே வழிகாட்டிக் கம்பாகவும் இருக்கும்.

சொல் சம்பந்தமான ஒரு கோளாறும் உண்டு. நம்மூரில் பின்னால் நிற்பவர் ‘ரைட்டு ரைட்டு’ என்றால், பஸ் பழக்கத்தில் ‘போகலாம்’ என்று அர்த்தம். ஓட்டுபவர் அதை வலது பக்கம் என்று எடுத்துத் திருப்பிவிடுவார். அந்தச் சொல்லே வேண்டாம். ‘வா’, ‘ஓல்டான்’ இரண்டும் போதும். திசைக்கு ‘ரோட்டுப் பக்கம்’, ‘மரத்துப் பக்கம்’ என்று கண்ணால் பார்க்கக்கூடிய அடையாளத்தைச் சொல்லுங்கள். சைகை கொடுப்பவர் ஒருவர் மட்டும். கூட்டம் கூடி ஆளாளுக்குக் கத்துவது பாசத்தில்தான், ஆனால் அந்த ஒருவர் குரல் மட்டுமே செல்லும் என்று முதலிலேயே ‘அண்ணே, இவர் சொல்றத மட்டும் கேக்கறேன்’ என்று சொல்லிவிட்டால் யாரும் கோவித்துக்கொள்வதில்லை.

படகு டிரெய்லரை விட்டு நகரவில்லை

இந்த வரிசையில் பாருங்கள். கடையாலைக் கட்டிய ராட்செட் பெல்ட் அவிழ்ந்திருக்கிறதா? பத்தில் பாதி இதுவாகத்தான் இருக்கும். அடுத்து, ஆழம் போதுமா? பலகை வைத்த டிரெய்லர் என்றால் மட்கார்டின் மேல் விளிம்பு தண்ணீரோடு சமமாக வரும் வரை இறங்க வேண்டும். ரோலர் வைத்தது என்றால் சக்கரத்தின் நடுமட்டத்திலேயே நழுவிவிடும். சரிவு குறைந்த இடத்தில் வண்டியின் பின்சக்கரம் நனைந்தாலும் டிரெய்லர் ஆழம் பிடிக்காது. அப்போது வண்டியைத் தண்ணீருக்குள் விடாமல், மேலே சொன்ன கயிற்று வழியில் டிரெய்லரை மட்டும் இறக்குங்கள். வண்டியின் புகைக்குழாய் ஒருபோதும் தண்ணீருக்குள் போகக் கூடாது.

இரண்டும் சரியாக இருந்தும் அசையவில்லை என்றால், பலகை மேல் ஒட்டிய கார்ப்பெட் காய்ந்து படகைக் கவ்வியிருக்கும். இரண்டு வாளித் தண்ணீரைப் பலகைக்கும் படகுக்கும் நடுவே ஊற்றி, இரண்டு நிமிடம் விட்டு, அணியத்தை (படகின் முன்முனையை) பக்கவாட்டில் ஆட்டுங்கள். பலகையில் சோப்புத் தண்ணீரோ கிரீஸோ தேய்க்கும் வழக்கம் சில இடத்தில் உண்டு. அடுத்த தலைப்பைப் படித்தால் அது ஏன் வேண்டாம் என்று தெரியும்.

தண்ணீருக்கு வரும் முன்பே படகு நழுவிவிட்டது

வின்ச் (டிரெய்லரின் முன்னால் இருக்கும், படகை இழுக்கும் கைச்சுழலி) பெல்ட்டை மேலேயே கழற்றியதுதான் காரணம். பெரும்பாலும் ரோலர் டிரெய்லரில் நடக்கும். கான்கிரீட்டில் விழுந்த படகைத் தண்ணீருக்குள் தள்ளிவிடாதீர்கள், முதலில் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஜெல்கோட்டில் (ஃபைபரின் மேல்பூச்சில்) நட்சத்திர வெடிப்பு மட்டும் என்றால் அன்று கரையில் வைத்துவிட்டுப் பிறகு பூசிக்கொள்ளலாம். கையால் அமுக்கும்போது அமுங்கினாலோ, கண்ணாடி இழை வெள்ளையாகத் தெரிந்தாலோ அந்தப் படகு பழுது பார்க்கும் வரை கடலுக்கு இல்லை. திரும்ப ஏற்ற, டிரெய்லரைப் பின்னால் கொண்டுவந்து அணியத்துக்குக் கீழே கடைசி ரோலர் வருமாறு நிறுத்தி, படகின் அடிக்கு மூங்கில் உருளை கொடுத்து வின்ச்சால் மெல்ல இழுங்கள்.

சரியான வரிசை: மேலே, காய்ந்த தரையில், மற்ற எல்லாவற்றையும் அவிழ்ப்பது. வின்ச் பெல்ட்டும் அணியத்தின் பாதுகாப்புச் சங்கிலியும் மட்டும் கடைசி வரை இருக்க வேண்டும். கடையால் மிதக்கத் தொடங்கிய பிறகே அவை இரண்டும். அணியத்தில் கட்டிய 8 மீட்டர் கயிற்றின் மறுமுனை கரையில் நிற்பவர் கையில் இருக்கட்டும்.

இறக்கிக் கொஞ்ச நேரத்தில் கால் நனைகிறது

கடையாலின் அடியில் இருக்கும் டிரெயின் பிளக் போடவில்லை. ஒரு அங்குலத் துளை, நீர்மட்டத்துக்கு 20 செ.மீ. கீழே இருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 35 லிட்டர் உள்ளே வரும். இரண்டு குடத்துக்கும் மேல். பத்து நிமிடத்தில் 350 லிட்டர், 350 கிலோவுக்கு மேல் கனம். டிரெய்லர் இன்னும் தண்ணீரில் இருந்தால் உடனே படகை அதன் மேல் ஏற்றி வெளியே இழுங்கள், ஆனால் தண்ணீர் விளிம்பிலேயே நிறுத்தி எல்லாம் வடியட்டும். அவ்வளவு கனத்தோடு மேடேறினால் முதலில் வின்ச்சும் அடுத்து டயரும் போகும். டிரெய்லர் போய்விட்டது என்றால் துளையில் துணியை முறுக்கித் திணியுங்கள். கூம்பாகச் சீவிய மரக்கட்டை ஒன்றைப் பிளக் துளைக்குப் பக்கத்திலேயே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தால் அதைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் போதும்.

பிளக் போட்டும் தண்ணீர் வந்தால் அதன் ரப்பர் வாஷர் வெடித்திருக்கும், அல்லது மரையில் மணல். சாவிக்கொத்தையும் பிளக்கையும் ஒரே வளையத்தில் மாட்டிவையுங்கள். வண்டியைக் கிளப்பச் சாவியை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் பிளக் கையில் இருப்பது தெரியும்.

இன்ஜின் பிடிக்கவில்லை

இதை வீட்டு வாசலிலேயே, காதுமூடி மாதிரித் தண்ணீர் கொடுக்கும் ஃப்ளஷ் மஃப் மாட்டி ஒரு முறை ஓட்டிப் பார்த்திருந்தால் சாய்தளத்தில் வரிசையை அடைத்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. சரி, நின்றாகிவிட்டது. இன்ஜினைச் சட்டென்று நிறுத்தும் கில் சுவிட்சின் சிவப்புச் சுருள் கயிறு மாட்டியிருக்கிறதா? கியர் நியூட்ரலில் இருக்கிறதா? பெட்ரோல் டேங்க் மூடியில் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? ரப்பர் பல்பை அமுக்கினால் கல் மாதிரி ஆகிறதா? ஆகாவிட்டால் ஹோஸ் இணைப்பில் காற்று வாங்குகிறது. நான்கும் சரி என்றால் பெட்ரோலைச் சந்தேகப்படுங்கள். பங்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பெரும்பாலான அவுட்போர்டு கையேடுகள் 10 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. எத்தனால் கடற்கரைக் காற்றின் ஈரத்தை இழுக்கும், நாள்பட்டால் தண்ணீரும் எத்தனாலும் தனியே பிரிந்து அடியில் தங்கும். கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள், இரண்டு அடுக்காகத் தெரிந்தால் அந்த டேங்க்கைக் காலி செய்ய வேண்டியதுதான். மாதக்கணக்கில் நிற்கும் பெட்ரோலை ஊற்றாதீர்கள்.

இன்ஜின் ஓடுகிறது, ஆனால் தண்ணி துப்பவில்லை

குளிர்வுத் தண்ணீர் வெளிவரும் சிறு துளையிலிருந்து விடாமல் தாரை வர வேண்டும். வராவிட்டால் உடனே அணையுங்கள். ‘கொஞ்சம் ஓடினா வந்துடும்’ என்று விட்டால் பம்ப்புக்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லர் சில நொடியிலேயே கருகிவிடும். இன்ஜினைத் தூக்கித் தண்ணீர் உறிஞ்சும் சல்லடையைப் பாருங்கள். எண்ணூர்க் கழிமுகத்தில் அங்கே சிக்குவது பெரும்பாலும் பிளாஸ்டிக் கவர். அதை எடுத்த பிறகும் வராவிட்டால், துப்பும் துளைக்குள் தடித்த நைலான் தூண்டில் நரம்பை விட்டுக் குத்துங்கள். உள்ளே மணல் அடைத்திருக்கும். இரும்புக் கம்பி வேண்டாம், உள்குழாயைக் கிழித்துவிடும். அப்படியும் இல்லை என்றால் இம்பெல்லர் போயிருக்கிறது, அன்று கடலுக்குப் போக முடியாது.

கொசஸ்தலை ஆற்று முகத்தில் அடியில் தங்கியிருக்கும் சாம்பல் சேறு மாவு மாதிரி நைசானது. சல்லடையில் நிற்காமல் உள்ளே போய் இம்பெல்லரை உரசும். சாய்தளத்தை விட்டு நகரும் வரை இன்ஜினைப் பாதி தூக்கி வைத்து, தாழ்ந்த வேகத்தில், உறிஞ்சு துளை மட்டும் முங்கும்படி ஓட்டுங்கள். அங்கே ஓட்டுபவர்கள் இம்பெல்லரை வருடம் ஒரு முறை மாற்றிவிடுவது மலிவு.

ஏற்றும்போது படகு கோணலாக உட்காருகிறது

எல்லோரும் ஆழம் போதவில்லை என்று நினைத்து டிரெய்லரை இன்னும் உள்ளே விடுவார்கள். நேர்மாறு. டிரெய்லர் அளவுக்கு மீறி முங்கியதால்தான் படகு அதன் மேல் மிதந்து அலைகிறது, பலகை அதைப் பிடிக்கவில்லை. முதலில் மட்கார்டு முழுவதும் முங்கும்வரை இறக்கிப் பலகைகளை நனையுங்கள். பிறகு முன்னால் இழுத்து, பலகையின் முன்பாதி வெளியே தெரியும்படி நிறுத்துங்கள். இப்போது அணியம் பலகைக்கு நடுவில் ஏறியதும் அதுவே நேராகும்.

அடுத்த காரணம் காற்றும் நீரோட்டமும். காலையில் இறக்கும்போது தரைக்காற்று மெல்ல அடித்திருக்கும். கோடையில் நண்பகல் வாக்கில் கடற்காற்று உள்ளே வந்துவிடும், திரும்பி வந்து ஏற்றும் நேரம் அதுதான். கழிமுகத்தில் ஓதம் பாதி ஏறும்போதும் பாதி வற்றும்போதும் இழுப்பு அதிகம், உச்சத்திலும் அடியிலும் தண்ணீர் நிற்கும். இழுப்பு குறுக்கே இருந்தால் ஓட்டம் வரும் திசைக்கு மேலே இருந்து படகைக் கொண்டுவாருங்கள். அணியத்துக்கு ஒரு கயிறு, கடையாலில் ஓட்டம் வரும் பக்கம் ஒரு கயிறு என்று இரண்டு கயிறும் கரைக்குப் போகட்டும். கடையாலுக்குக் கயிறு கட்டாமல் அணியத்தை மட்டும் இழுத்தால் படகு கடிகார முள் மாதிரி சுற்றி டிரெய்லருக்குக் குறுக்கே வந்து நிற்கும். படகுக்கும் டிரெய்லருக்கும் நடுவே கால் வைத்துத் தள்ளாதீர்கள், சிறு அலை தூக்கிப் போட்டாலே எலும்பு முறியும்.

இன்ஜின் முடுக்கத்தில் படகை டிரெய்லர் மேல் ஓட்டி ஏற்றுவது பார்க்க வீரமாக இருக்கும். ஆனால் இன்ஜினின் காத்தாடி (புரொப்பெல்லர்) அடிக்கும் தண்ணீர் சாய்தளத்தின் முனையில் மண்ணைத் தோண்டிப் பள்ளமாக்கும், தோண்டிய மண் கொஞ்சம் பின்னால் திட்டாகக் குவியும். அந்தப் பள்ளம்தான் அடுத்த கோளாறு.

டிரெய்லர் சக்கரம் முனையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது

வண்டியால் வெடுக்கென்று இழுத்தால் அச்சு வளையும், இல்லை ஸ்பிரிங் பட்டை அறும். படகு மேலே இருந்தால் முதலில் அதை மிதக்கவிட்டு விலக்குங்கள். வெறும் டிரெய்லர் 200 கிலோதான், நாலு பேர் சேர்ந்து கடைசிக் குறுக்குச் சட்டத்தைத் தூக்க, வண்டி ஊர்ந்து இழுத்தால் வந்துவிடும். தூக்கியதும் கையை எடுக்கும் சொல் ஒன்றை முன்பே பேசிவையுங்கள். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தால் அவசரமே வேண்டாம். இறங்கும் முன் ஒரு மூங்கிலால் முனை எங்கே என்று குத்திப் பார்த்து, அதற்கு நேராகக் கரையில் ஒரு கல் வைத்துக்கொள்வது ஐந்து நிமிட வேலை.

வின்ச் கைப்பிடி கையை விட்டுத் திரும்பிச் சுழல்கிறது

பிடிக்கப் பாயாதீர்கள், மணிக்கட்டை ஒடித்துவிடும். எல்லோரும் படகின் நேர்ப்பின்னாலிருந்து விலகட்டும், படகு மறுபடி தண்ணீருக்குப் போனால் போகட்டும். காரணம் ராட்செட்டின் நாக்கு: உப்பேறி ஸ்பிரிங் செத்திருக்கும், அல்லது பல் தேய்ந்திருக்கும். பெல்ட்டின் ஓரம் நார்நாராகப் பிரிந்திருந்தால் மாற்றுங்கள், தைத்துப் போடாதீர்கள். வின்ச்சில் பொறித்திருக்கும் அளவு, படகும் இன்ஜினும் சேர்ந்த எடைக்குக் குறைந்திருக்கக் கூடாது. வின்ச் அணியத்தைக் கடைசி வரை இழுத்த பிறகு பாதுகாப்புச் சங்கிலியைத் தனியாக மாட்டுங்கள், பெல்ட்டை மட்டும் நம்பி மேடேறாதீர்கள்.

தலைக்கு மேலே

எண்ணூர்க் கழிமுகத்தின் மேல் உயர் மின்னழுத்தக் கம்பிகள் குறுக்கே போகின்றன. பாய்மரக் கம்பம், ஆண்டெனா, கார்பன் தூண்டில் கம்பு எதையும் கம்பிக்குக் கீழே நிமிர்த்தாதீர்கள். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். கரையை விட்டுக் கிளம்பும் முன்பே கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 இரண்டும் எல்லோர் கைபேசியிலும் இருக்கட்டும். லைஃப் ஜாக்கெட்டைச் சாய்தளத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

லைட் எரியவில்லை, ஹப் சுடுகிறது, டிரெய்லர் ஆடுகிறது

மூன்றும் ரோட்டில் தெரியும். லைட்டுக்கு: தண்ணீரில் இறங்கும் முன் வயர் இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள். எரிகிற சூட்டு பல்பு தண்ணீர் பட்டதும் வெடிக்கும், மின்சாரம் ஓடும் முனை உப்புத் தண்ணீரில் சீக்கிரம் பச்சை பிடிக்கும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே லைட் இல்லாத டிரெய்லர் ஓட்டுவது தற்கொலைக்குச் சமம்.

டிரெய்லர் வால் ஆடினால் கனம் பின்னால் கூடியிருக்கிறது. கொக்கியின் மேல் மொத்த எடையில் 7 முதல் 10 சதவீதம் இறங்க வேண்டும், 700 கிலோவுக்கு 50 முதல் 70 கிலோ. வீட்டு எடை மெஷினை ஒரு கட்டை மேல் வைத்துக் கொக்கியை அதில் இறக்கினால் தெரிந்துவிடும். குறைந்தால் நங்கூரத்தையும் பெட்ரோல் டேங்க்கையும் அணியத்துப் பக்கம் நகர்த்துங்கள். ஓடும்போது ஆட ஆரம்பித்தால் பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலேட்டரை மட்டும் விடுங்கள்.

சக்கரத்தின் நடுவே பேரிங் உட்கார்ந்திருக்கும் ஹப்புதான் பெரிய விஷயம். வெயிலில் முப்பது கிலோமீட்டர் ஓடிவந்த ஹப் உள்ளே காற்று சூடாகி விரிந்திருக்கும். அதை அப்படியே தண்ணீரில் இறக்கினால் காற்று சட்டென்று சுருங்கி, ஆயில் சீல் வழியாக உப்புத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். அதனால் சாய்தளத்துக்கு வந்ததும் இருபது நிமிடம் நில்லுங்கள். பெல்ட் அவிழ்ப்பது, பிளக் போடுவது எல்லாம் அந்த நேரத்தில் முடிந்துவிடும். ஹப் மூடியைக் கழற்றினால் கிரீஸ் பழைய நிறத்தில் இல்லாமல் பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. பேரிங்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, காயவைத்து, தண்ணீரில் கரையாத மெரைன் கிரீஸை விரலால் உருளைகளுக்கு நடுவே திணித்து, சீலைப் புதிதாகப் போட வேண்டும். சீல் விலை கொஞ்சம்தான், பழையதையே திரும்ப அடிக்காதீர்கள். உதிரி பேரிங் செட் ஒன்று, சீல் இரண்டு, கிரீஸ் கால் கிலோ, காட்டர் பின் நாலைந்து வண்டியிலேயே கிடக்கட்டும்.

ஏற்றி முடித்ததும் டிரெய்லரை, குறிப்பாக ஸ்பிரிங் பட்டை அடுக்குகளுக்கு நடுவே, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். எங்கும் தண்ணீர் கிடைக்காவிட்டால் 20 லிட்டர் கேன் இரண்டை வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள். டிரெயின் பிளக்கைக் கழற்றிவிட்டு, அணியம் கொஞ்சம் மேலே இருக்கும்படி நிறுத்தி வடியவிடுங்கள். திரும்பும் வழியில் டோல்கேட் வாக்கில் ஓரமாக நிறுத்தி இரண்டு ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இளஞ்சூடாக இருந்தால் வீடு வரை போகலாம். ஒன்று மட்டும் கையை எடுக்கவைக்கும் சூட்டில் இருந்தால் அங்கேயே ஜாக்கி போடுங்கள்.